சேட்டாணி கை நீட்டும் நேரம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் குரங்கு வீட்டில் ஒரு மயக்கம் இறங்கும். கம்பி வலை வழியே வரும் வெயில் தரையில் கட்டம் கட்டமாக விழுந்து, மெல்ல நகர்ந்து சுவரேறும். குரங்குகள் ஒன்றின் முதுகில் ஒன்று பேன் பார்க்கும், பார்த்தபடியே கண் சொருகும். தூரத்தில் செம்பூர் ஸ்டேஷனில் ரயில் ஊதும். அதுவும் பாதித் தூக்கத்தில் ஊதுவது போலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஜெயசீலி தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சேட்டாணியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சேட்டாணி ஜெயசீலியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். யார் யாரைப் பராமரிக்கிறார்கள் என்று கேட்டால், இந்த ஆராய்ச்சிக்கூடத்தின் கால்நடை மருத்துவரான எனக்கே சட்டென்று பதில் வராது.

சேட்டாணி ஒரு கிழட்டுப் பெண் குரங்கு. நடுவகிடு எடுத்தாற்போல் தலைமயிர் இரண்டு பக்கமும் படிந்திருக்குமே, அந்தத் தென்னாட்டு வகை. இளவயதில் எங்கள் சத்துணவு ஆராய்ச்சிக்கு உதவியவள். ‘உதவியவள்’ என்பது எங்கள் அறிக்கைகளில் வருகிற சொல். உதவுகிறாயா என்று அவளை யாரும் கேட்கவில்லை. ஓய்வு கொடுத்த பிறகு, இருக்கும்வரை இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. தாதரில் துணிக்கடை வைத்திருக்கும் சேட்டின் மனைவி கல்லாவுக்குப் பக்கத்தில் தொடையில் கை ஊன்றி உட்கார்ந்திருப்பாளே, அப்படி உட்காருவாள். பதிவில் அவளுக்கு வெறும் எண்தான். அந்த உட்காரும் தோரணைக்காகச் சேட்டாணி என்று பெயர் வைத்தது ஜெயசீலி.

ஜெயசீலியின் அப்பா உவரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். அவள் பிறந்தது, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்தது, கட்டிக்கொண்டு குடியேறியது எல்லாம் தொண்ணூறு அடி ரோட்டைச் சுற்றிய சந்துகளுக்குள்தான். கணவர் அமிர்தநாதனுக்கு அம்பர்நாத்தில் பெயின்ட் கம்பெனி வேலை; மனிதர் வாழ்க்கையில் பாதி ரயிலில் கழிந்தது. மகள் அனிஷா கல்யாணமாகி டோம்பிவிலியில் இருக்கிறாள். ஜெயசீலி இங்கே கூண்டு கழுவ காண்ட்ராக்டில் வந்தவள். முதல் வாரம் முழுக்கப் பயந்து, வாசலிலேயே நின்று தண்ணீர் பீய்ச்சினாளாம்.

“குரங்குன்னா கடிக்கும்னுதான் எனக்குத் தெரியும். அதுக்கும் நம்மளப் பாத்தா பயமா இருக்கும்னு யாரு கண்டா?” என்பாள்.

குரங்கு பல்லைக் காட்டினால் சிரிப்பில்லை, பயம். கொட்டாவி விட்டால் தூக்கமில்லை, கடுப்பு. உதட்டைக் குவித்துப் பச் பச் என்று சத்தம் கொடுத்தால் மட்டும், ‘நான் உனக்கு ஆகாதவள் இல்லை’ என்று அர்த்தம். இதை நான் ஜெயசீலிக்குச் சொல்லிக்கொடுத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் எல்லோரிடமும் பச் பச் என்கிறாள். சயான் பஸ்ஸில் அழுகிற குழந்தைகளிடம் சொல்லி அம்மாக்களிடம் முறைப்பு வாங்கியிருக்கிறாள். நான் கோபமாக இருக்கும் நாட்களில் என்னிடமும் பச் பச்தான். நான் அடிக்கடி கோபப்படுகிறவள் என்பதால் அது தினமும் கேட்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் சேட்டாணிக்குச் சர்க்கரை வியாதி வந்தது. தினமும் காலையில் இன்சுலின் ஊசி. பழைய முறைப்படி என்றால் அழுத்தக் கூண்டில் அடைத்து, பின்சுவரை இழுத்து, குரங்கை அசையவிடாமல் நெருக்கிப் பிடித்துத்தான் குத்த வேண்டும். இரண்டு நாள் அப்படிச் செய்தோம். இரண்டாம் நாள் சேட்டாணி உதடு நீலம் பாய்ந்து சாய்ந்துவிட்டாள். பலவீனமான இதயம். இனி ஒருமுறை நெருக்கினால் தாங்கமாட்டாள் என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளாகக் கை நீட்டினால் ஊசி. இல்லாவிட்டால் வலியில்லாமல் தூங்க வைத்துவிட வேண்டியதுதான்.

அவளாகக் கை நீட்டுவதற்குப் பழக்கும் முறை ஒன்று உண்டு. நான் ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுவந்து சொன்னேன், செய்தது ஜெயசீலி. கூண்டில் ஒரு சின்ன ஜன்னல். அதன் வழியே விரல் வந்தால் அரை வேர்க்கடலை. வெளியே இருக்கும் மரக்கட்டையைப் பிடித்தால் அரைக் கடலை. பிடித்த கையைப் பேனா மூடியால் தொடவிட்டால் அரைக் கடலை. பிறகு வெறும் சிரிஞ்சு, பிறகு ஊசி. எந்த நேரத்திலும் அவள் கையை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், யாரும் பிடிக்கமாட்டார்கள். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இந்தப் பழக்கத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

“ஏட்டி, கையத் தா” என்பாள் ஜெயசீலி. சுருக்கங்களோடு, கறுத்த நகங்களோடு, ஓர் அம்மாளின் கை ஜன்னல் வழியே மெதுவாக வெளியே வரும். கட்டையைப் பிடிக்கும். அந்த நேரத்தில் குரங்கு வீடு முழுக்கச் சத்தம் அடங்கியது போல எனக்குத் தோன்றும். ஊசி ஏறும், இறங்கும். ஜெயசீலி வலது உள்ளங்கையை விரித்து நீட்டுவாள். அதில் அரைக் கடலை இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. ஜெயசீலிக்குத் தன்மேல் ஊசி பட்டால் உயிரே போய்விடும். குரங்குகளோடு வேலை செய்கிற எங்களுக்கு வருஷா வருஷம் காசநோய்ப் பரிசோதனை ஊசி போடுவார்கள். அன்றைக்கு அவள் அமிர்தநாதனை லீவு போடச் சொல்லிக் கூட்டிவந்து, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, “மாதாவே, மாதாவே” என்று அலறிக்கொண்டுதான் கையைக் கொடுப்பாள். கொடுப்பது என்ன, அவர் இழுத்துப் பிடித்துக்கொள்வார்.

போன மழைக்காலத்தில் அவள் வெளுக்க ஆரம்பித்தாள். மாதவிலக்கு வந்தால் உதிரப்போக்கு நாள்கணக்கில் நிற்கவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அறுவை முடிந்து வேலைக்குத் திரும்ப ஒன்றரை இரண்டு மாதம் ஆகும்.

“நான் போய்ப் படுத்துக்கிட்டா அவளுக்கு ஊசி யாரு போடுவா?” என்றாள்.

நான் போட முடியாது. அழுத்தக் கூண்டின் பிடியை இழுத்தவள் நான். மூன்று வருஷமாகியும் சேட்டாணி என்னைப் பார்த்தால் பல்லைக் காட்டிவிட்டு மூலைக்குப் போய்விடுவாள்.

“ஷாகிர் இருக்கானே. பழக்கிட்டுப் போங்கோ” என்றேன்.

“அவ ஷாகிர் கையில தர்ற வரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன், டாக்டரம்மா.”

“நீங்க மயங்கி விழுந்தா அப்புறம் அவளுக்கும் கதி இல்லை. புரியறதா?”

பச் பச் என்றாள்.

ஷாகிர் இன்னொரு பராமரிப்பாளர். முப்பது வயசு, மேலப்பாளையத்துக் குடும்பம். வாப்பாவுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை. அமைதியானவன், கை சுத்தம், பொறுமை. அவன் ஜெயசீலி செய்வதையெல்லாம் அப்படியே செய்தான். அதே ஸ்டூல், அதே கடலை டப்பா. அதே “ஏட்டி, கையத் தா.” ஜெயசீலியின் பழைய கோட்டைக்கூடப் போட்டுக்கொண்டு பார்த்தான். பச் பச் பழகுவதைப் பார்த்த அவன் மனைவி பரீஹா வீட்டில் இரண்டு நாள் சிரித்தாளாம். சேட்டாணி அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள்.

ஜெயசீலி பக்கத்தில் நின்றால் சில நாள் கை வரும், சில நாள் வராது. ஜெயசீலி வெளியே போய்விட்டால் வரவே வராது. கடைசியில் ஒவ்வொரு நாளும் ஜெயசீலியே ஊசியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்காருவாள். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் உதடு நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது, பயமாகவும் இருந்தது.

அந்த நாட்களில் அவளுக்கு ஒரே கனவு. ஸ்டூலில் உட்கார்ந்தபடி, பாதிக் கண் மூடிச் சொல்லுவாள்.

“ரயில்ல, லேடீஸ் டப்பாவுல சேட்டாணி ஜன்னலோரம் உக்காந்திருக்கா, டாக்டரம்மா. எந்திரின்னு ஒருத்தியும் சொல்லல. கைய வெளிய நீட்டிக்கிட்டு, காத்து வாங்கிட்டு வாரா. நான் நின்னுக்கிட்டு வாரேன். குர்லா வந்ததும் அவ பாட்டுக்கு எறங்கிப் போறா. கூட்டத்துல என்னால எறங்க முடியல. ரயிலு கெளம்பிருது.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அந்த ரயில் தெரியும். நனைந்த புடவை வாசனை, மல்லிகை, ஜன்னல் கம்பிக்கு வெளியே காற்றில் நீண்டிருக்கும் ஒரு கறுத்த சின்னக் கை. சில மதியங்களில் அது கனவா, நானும் ஏறிப்போன ரயிலா என்று குழம்பும்.

விஷயம் உடைந்தது ஒரு வெள்ளிக்கிழமை. ஜெயசீலி ஒரு கையில் வெள்ளரிக்காய் வாளி, மறு கையில் கடலை டப்பாவோடு உள்ளே வந்தாள். ஷாகிர் ஊசியோடு ஜன்னல் பக்கத்தில் தயாராக நின்றான். நான் கதவருகே.

“ஏட்டி, கையத் தா. தம்பி நிக்கான்லா” என்றாள் ஜெயசீலி, வாளியைப் பிடித்தபடியே.

சேட்டாணி அசையவில்லை.

“என்னட்டி, எங்கிட்டயே கோவமா?”

அசையவில்லை. ஜெயசீலிக்கு முகம் வாடிவிட்டது. வாளியை, டப்பாவை எல்லாம் கீழே வைத்தாள். வலது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. சேட்டாணியின் கை ஜன்னல் வழியே வெளியே வந்து கட்டையைப் பிடித்தது.

ஷாகிர் சத்தமில்லாமல் ஊசியைப் போட்டான். கடலையைக் கொடுத்தான். பிறகு திரும்பி, “அக்கா, இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?” என்றான்.

“ஒண்ணும் செய்யலயே.”

“சிலுவை போட்டீங்க.”

“நானா?”

அவளுக்கே தெரியாது. சட்டி அடுப்பில் ஏறும் முன், ரயிலில் ஏறும் முன், ஊசியைக் கையில் எடுக்கும் முன் அவள் கை தானாக அந்த நான்கு இடத்தையும் தொட்டுவிட்டு வரும். மூன்று வருஷமாக, ஒவ்வொரு ஊசிக்கு முன்னாலும். மறுநாள் சோதித்தோம். வாயைத் திறக்காமல் சிலுவை மட்டும் போட்டாள், கை வந்தது. பேச்சு மட்டும் பேசினாள். சேட்டாணி சுவரைப் பார்த்தாள்.

நான் சிரித்துவிட்டேன். “போச்சு, சேட்டாணி மாதா கோயிலுக்குப் போக ஆரம்பிச்சுட்டா!”

ஜெயசீலி சிரிக்கவில்லை. “அப்போ இத்தன நாளும் நான் பேசுனது ஒண்ணுகூட அவ காதுல விழலயா?” என்றாள். குரல் உடைந்திருந்தது. நெல்லைத் தமிழில் மூன்று வருஷம் குடும்பக் கதையெல்லாம் சொல்லியிருக்கிறாள் பாவம். அனிஷா கல்யாணத்துக்கு மோதிரம் எடுத்தது வரை.

எனக்குத்தான் எப்போதும் அவசரம். “சரி, காரணம் தெரிஞ்சுபோச்சு. ஷாகிர், நீயும் அதையே பண்ணிடு. வெறும் கை அசைவுதானே.”

ஷாகிர் தலையைக் குனிந்துகொண்டான். “அது மட்டும் முடியாது, டாக்டர். நம்பிக்கையில்லாம நான் போட்டா எங்க மார்க்கத்துக்கும் தப்பு, அக்கா மார்க்கத்தக் கிண்டல் பண்ண மாதிரியும் ஆயிரும்.”

“ஒரு உயிர் போறதுடா!”

“டாக்டரம்மா” என்று ஜெயசீலி என் பக்கம் திரும்பினாள். அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். “வெறும் கை அசைவுன்னா நான் எதுக்குப் போடுதேன்? அவன் போட வேண்டாம். போடவும் கூடாது.”

சரியாகத்தான் சொன்னாள். குரங்குகள் பாட்டுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

வழி இல்லாமல் இல்லை. புதிய அடையாளத்தை முன்னால் காட்டி, அது முடிந்த கையோடு பழையதைக் காட்ட வேண்டும். தினமும் இரண்டும் சேர்ந்தே வந்தால், குரங்கு பழையதற்குக் காத்திராமல் முன்னாலேயே கை நீட்டிவிடும். நாய், யானை, மனுஷன் எல்லோருக்கும் இதே கதைதான். காபி வாசனை வந்ததும் டம்ளரைத் தேடுகிறவர்கள்தானே நாமும். அவனுக்கென்று ஓர் அடையாளம் வேண்டும் என்றேன்.

“நீ ஊசி எடுக்கும்போது தானா என்ன செய்வ?” என்று ஜெயசீலி கேட்டாள்.

ஷாகிர் யோசித்தான். “மனசுக்குள்ள பிஸ்மில்லா சொல்லுவேன், அக்கா. வெளியன்னா… பெரியவங்களுக்கு ஸலாம் சொல்லயில இப்படி நெஞ்சுல கை வைப்பேன்.”

“அதயே செய்யி. அவளும் பெரிய மனுஷிதான்.”

அப்படியே தொடங்கினோம். ஷாகிர் ஜன்னலுக்கு எதிரே நின்று வலது கையை நெஞ்சில் வைப்பான். அவன் தோளுக்குப் பின்னால் ஜெயசீலி சிலுவை போடுவாள். சேட்டாணியின் கை வரும். கடலை. மறுநாளும் அதே. ஒருவர் நெஞ்சில் கை வைக்க, இன்னொருவர் நெற்றியைத் தொட, இருவருக்கும் எதிரே அந்தக் கிழவி தொடையில் கை ஊன்றி உட்கார்ந்து இரண்டையும் வாங்கிக்கொண்டிருப்பாள். காலை வெயிலில் தூசி மிதந்துகொண்டிருக்கும். எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இதை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. எழுதவும் இல்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்காகவே சீக்கிரம் வேலைக்கு வர ஆரம்பித்தேன்.

ஒரு நாள் ஷாகிர் நெஞ்சில் கை வைத்தான். ஜெயசீலியின் கை நெற்றிக்குப் போவதற்குள் ஜன்னலில் சேட்டாணியின் கை நீண்டிருந்தது. ஜெயசீலி தூக்கிய கையால் அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினாள். முதலில் கதவருகே, பிறகு கதவுக்கு வெளியே. ஒரு காலையில் வேண்டுமென்றே தாமதமாக வந்தாள். ஊசி முடிந்திருந்தது. சேட்டாணி வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“தந்தாளா?”

“தந்துட்டாங்க, அக்கா.”

ஜெயசீலி சந்தோஷப்பட்டாள். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தாள். “இனி ஆபரேஷனுக்கு நாள் குறிக்கலாமா?” என்று நான் கேட்டேன். அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் சேட்டாணிக்காக என்று அவள் தள்ளிப்போட்டதில் பாதிதான் நிஜம். மீதிப் பாதி ஊசி பயம். இப்போது மறைந்துகொள்ள அவளுக்கு ஒரு குரங்கும் மிச்சமில்லை.

“நான் வரேன் கூட” என்றேன்.

ஆபரேஷன் அன்று காலை மாட்டுங்கா பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அமிர்தநாதன் கீழே மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். ஜன்னல் திரை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. பச்சை அங்கியில் ஜெயசீலி சின்னப் பிள்ளை மாதிரி இருந்தாள். தலையை நடுவகிடு எடுத்து இரண்டு பக்கமும் படியச் சீவி விட்டிருந்தார்கள். சேட்டாணி மாதிரியே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை; சொன்னால் சிரித்திருப்பாள்.

நர்ஸ் தட்டோடு வந்தாள். சலைன் ஏற்றும் ஊசி, பெரியது. ஜெயசீலி கண்ணால் அமிர்தநாதனைத் தேடினாள். அவர் இல்லை. நான் எழுந்து அவள் தோளைப் பிடிக்கப் போனேன்.

“தாயி, ஹாத் த்யா” என்று மராத்தியில் கையைக் கேட்டாள் நர்ஸ்.

ஜெயசீலி ஊசியைப் பார்த்தாள். வலது கை நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு, இடது தோளுக்கு, வலது தோளுக்கு. அது இறங்கிய அதே நேரத்தில் இடது கை எழுந்து, யாரும் பிடிக்காமல், யாரும் இழுக்காமல், மெதுவாக நர்ஸின் பக்கம் நீண்டது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஊசி ஏறியது. அவள் அலறவில்லை. தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் பிளாஸ்திரி ஒட்டி முடித்தாள். ஜெயசீலியின் வலது உள்ளங்கை போர்வைமேல் விரிந்து கிடந்தது.

“க்யா சாஹியே?” என்ன வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள்.

ஜெயசீலி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் கைப்பையின் மூலையில் எப்போதும் நாலு கடலை கிடக்கும். ஒன்றை உடைத்து, பாதியை அவள் உள்ளங்கையில் வைத்தேன். நர்ஸ் பதறிவிட்டாள், ஆபரேஷனுக்கு முன் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாதாமே, டாக்டர் என்று வேறு சொல்லிக்கொள்கிறேனாம்! நல்ல திட்டு.

ஜெயசீலி கடலையைத் தின்னவில்லை. மூடிய கையிலேயே வைத்திருந்தாள். தள்ளுகட்டில் வந்ததும் அதை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

“இத அவகிட்ட குடுத்துருங்க, டாக்டரம்மா. அவதான் என்னப் பழக்கிட்டா.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாலையில் மயக்கம் முழுதும் தெளியாமலே என் கையைப் பிடித்து, “எறங்கியாச்சு” என்றாள். “யாரு?” என்றேன். “ரெண்டு பேரும்தான்” என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை ஷாகிர் ஊசி போட்டு முடித்த பிறகு, அந்த அரைக் கடலையை உள்ளங்கையில் வைத்து ஜன்னல் பக்கம் நீட்டினேன். சேட்டாணி என்னைப் பார்த்து வழக்கம்போலப் பல்லைக் காட்டினாள். நான் பச் பச் என்றேன். வெகுநேரம் கழித்து அந்தக் கறுத்த விரல்கள் வந்து கடலையை மட்டும் எடுத்துக்கொண்டன. அவள் அதை மெல்லவில்லை. கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் இருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.